கோனோ வீடர்: ஆறு போகம் தள்ளிப் பார்த்ததில்

"அந்த உருட்டுற மிஷின் நல்லா இருக்கா, வாங்கலாமா?" என்று, நெல் வயலில் கையால் தள்ளிக் களை எடுக்கிற கோனோ வீடரைப் பற்றிக் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் களிமண் வயல், சொந்த போர்வெல் ஒன்று, நாலு குறுவை, இரண்டு சம்பா. இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். வாங்கலாம். ஆனால் கருவியை மட்டும் வாங்கி வந்து பல நாற்றைக் கொத்தாக வைக்கும் பழைய குத்து நடவில் இறக்கினால் காசு தண்டம். இது ஒற்றை நாற்று நடவோடு, அதாவது செம்மை நெல் சாகுபடியோடு சேர்ந்து ஓட வேண்டிய சாமான். அந்த முறை உங்கள் வயலுக்கும் உங்கள் ஆளுக்கும் தாங்குமா என்று பார்க்காமல் இதை மட்டும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

முதலில் கருவி. முன்னால் படகு மூக்கு மாதிரி ஒரு தகடு, சேற்றில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு. அதன் பின்னால் இரண்டு கூம்பு உருளைகள், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கும். உருளையைச் சுற்றி ஒரு பட்டை மழமழப்பாகவும் அடுத்த பட்டை பல் வைத்ததாகவும் மாறி மாறி வரும். தள்ளும்போது மேல் மண்ணில் ஒரு அங்குல ஆழத்துக்குச் சேறு புரண்டு, களை வேரோடு பிடுங்கி அதே இடத்தில் அமுங்கிப் போகிறது. நீளமான கைப்பிடி. எஞ்சின் கிடையாது, டீசல் கிடையாது. எடை ஆறு கிலோவுக்குக் குறையாது, சேறு ஒட்டிக்கொண்டால் அதற்கும் மேல். அதன் வடிவமைப்பு பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது, இப்போது நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்கிறார்கள். நான் வாங்கியது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு, பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில்.

தள்ளுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே மூச்சாகத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. ஒரு முழம் முன்னே தள்ளி, அரை முழம் பின்னே இழுத்து, மறுபடி முன்னே. வயலில் ஒரு அங்குலத் தண்ணீர் இருக்கணும். காய்ந்த வயலில் இறக்கினால் எங்கள் களிமண் கூம்பைச் சுற்றி உருண்டை பிடித்துக்கொண்டு உருளை சுற்றவே சுற்றாது, வெறும் தகட்டை இழுப்பது போல் ஆகிவிடும். தண்ணீர் அதிகம் நின்றால் பிடுங்கிய களை மிதந்து போய் இன்னொரு மூலையில் ஒதுங்கி மறுபடி வேர் விடும், குறிப்பாக ஆரைக்கீரை. நட்ட பத்தாம் நாள் முதல் தடவை, அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று நாலு தடவை ஓட்டச் சொல்கிறார்கள். முதல் தடவையைத் தவற விட்டால் அந்தப் போகம் முழுக்கக் களையைத் துரத்திக்கொண்டேதான் இருக்கணும். நான் முதல் வருடம் அந்த முதல் தடவையை ஏழெட்டு நாள் தள்ளிப் போட்டேன், கோரை ஒரு சாண் வந்துவிட்டது, உருளை அதன் மேல் ஏறி இறங்கியதே தவிரப் பிடுங்கவில்லை.

நான் வாங்கிய பட்டறையின் வேலை சுமார்தான். இரண்டாவது போகத்திலேயே உருளை சுற்றும் அச்சில் இருந்த புஷ் தேய்ந்து ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது, கைப்பிடி சேரும் இடத்தில் வெல்டிங் விட்டது. திரும்பக் கொண்டு போனால் சேற்றில் ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். சேற்றில் ஓட்டத்தானே வாங்கினோம் என்று எனக்குக் கோபம் வந்தது. உள்ளூர் வெல்டரிடம் கொடுத்துப் பட்டை வைத்து அடித்து வாங்கினேன், அதிலிருந்து பிரச்சினை இல்லை. வாங்கும்போது உருளையைக் கையால் சுற்றி விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் சுற்றணும், அசைத்தால் ஆடக் கூடாது.

சரி, இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே நிலத்தில் அதிகம் விளைவிக்கணும் என்ற பேச்சு எங்கள் ஜில்லாவுக்குப் புதிது இல்லை. 1960-61-ல் இந்தியாவில் முதலில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம். பஞ்சாபில் லூதியானா, ஆந்திராவில் மேற்கு கோதாவரி எல்லாம் அதே பட்டியலில்தான். விதை, உரம், மருந்து, கடன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பதால் பேக்கேஜ் புரோகிராம் என்றார்கள். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற நெல் ரகம் வந்தது. விளைச்சல் ஏறியது உண்மை, அதை யாரும் மறுக்க வேண்டாம், எத்தனையோ வீட்டில் இரண்டு வேளைச் சோறு அதனால்தான் வந்தது. ஆனால் அந்தக் காலத்திலிருந்து "தீவிரம்" என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், இன்னும் ஒரு மூட்டை யூரியா, இன்னும் ஒரு தடவை மருந்து, இன்னும் கொஞ்சம் ஆழத்தில் போர்.

செம்மை நெல் அந்த அர்த்தத்தில் தீவிரம் இல்லை. ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே (System of Rice Intensification) தீவிரம் என்ற சொல் இருக்கிறது, ஆனால் வயலுக்குள் போகிற பொருள் குறைகிறது. ஹென்றி டி லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மடகாஸ்கரில் பல வருடம் விவசாயிகளோடு இருந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இதை ஒரு முறையாக வடித்தார். தமிழ்நாட்டில் 2000 வாக்கில் வேளாண் பல்கலைக்கழகம் சோதனை ஆரம்பித்தது, பிறகு காவிரி, தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயிகள் வயலிலேயே செய்து பார்த்தார்கள். 2010-ல் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவை ஒட்டி அரசாங்கம் இதற்கு ராஜராஜன் 1000 என்று பெயர் கூட வைத்தது. எங்கள் பக்கம் இன்னும் ஒற்றை நாற்று என்றுதான் சொல்வோம்.

என்ன செய்கிறோம் என்றால், ஏக்கருக்கு 2 கிலோ விதைதான். நாங்கள் வழக்கமாகப் போடுவது 30 கிலோ. ஒரு சென்ட் இடத்தில் பாய் நாற்றங்கால் போட்டு, 14 நாள் நாற்றை வேரில் மண்ணோடு எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் மேலாக வைக்கணும். முதல் தடவை நட்டு முடித்த சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தால் நட்ட மாதிரியே தெரியாது, வெறும் சேடை, அதாவது உழுது கலக்கிய சேறு, தெரியும். பக்கத்து வயல் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நட்டியா, இல்ல கோடு மட்டும் போட்டியா?" என்றார். இருபது நாள் வரை எனக்கும் வயிற்றில் புளி கரைத்தது. அப்புறம் அடியிலிருந்து பக்கக் கிளை விட்டுத் தூர் கட்ட ஆரம்பித்தது பாருங்கள், ஒரு நாற்றில் முப்பது தூருக்கு மேல் எண்ணினேன்.

ஒரு நாள் எங்கள் வயலில் ஒரு குத்தும், எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும் பக்கத்து வயலில் (பெரியப்பாவிடம் கேட்டுத்தான்) ஒரு குத்தும் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். எங்களுடையதைப் பிடுங்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. வேர் வெள்ளை வெளேரென்று சாமியார் தாடி மாதிரி தொங்கியது. மற்றதில் வேர் பழுப்பும் கறுப்புமாக, மோந்து பார்த்தால் அழுகின முட்டை வாடை. ஒரே மண், ஒரே வாய்க்கால். பெரியப்பா இரண்டையும் கையில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீரை நிறுத்தாமல் கட்டி வைத்தால் வேருக்கு மூச்சு கிடைப்பதில்லை, இங்கே காய விட்டுப் பிறகு பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுகிறோம், வீடர் மண்ணைப் புரட்டும்போது கொஞ்சம் காற்றும் உள்ளே போகிறது. களை எடுப்பதற்குச் சமமாக இந்த வேலையையும் வீடர் செய்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. களைக்கொல்லி அடித்தால் களை சாகும், மண் புரளாது.

தண்ணீர்க் கணக்கு சொல்கிறேன். முன்பு குறுவையில் போரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுவோம். இப்போது மயிரிழை மாதிரி வெடிப்பு வந்த பிறகுதான் ஓட்டுகிறோம், நாலைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது. கதிர் வரும் நேரத்தில் மட்டும் காய விடுவதில்லை. துளை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைத்து, உள்ளே தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சுகிற முறையும் இருக்கிறது, வெடிப்பைப் பார்த்து முடிவு செய்யத் தயங்குபவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லணும். இந்த மிச்சம் என் பையில் ஒரு ரூபாய் கூடச் சேர்க்கவில்லை, ஏனென்றால் கரண்ட் இலவசம். மிச்சம் ஆவது பூமிக்குள் இருக்கும் தண்ணீர். வாய்க்கால் போய் முடியும் கடைமடைப் பக்கம் கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும், பம்பு செட்டு பில்லில் அது தெரியாது. அதனால்தான் தண்ணீர் மிச்சம் என்று சொல்லி இந்த முறையை யாருக்கும் விற்க முடிவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயல் மீத்தேன் விடுகிறது, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. காயப் போட்டால் அது நன்றாகக் குறைகிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று முத்திரை குத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காயவும் நனையவும் விடுகிற வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது கரியமில வாயுவை விடச் சுமார் 270 மடங்கு சூடு பிடிக்கிற வாயு. அதனால் தண்ணீரைக் குறைத்துவிட்டு உரத்தைப் பழையபடியே போடுவது அரைவேலை.

உரத்துக்கு நான் பிடித்துக்கொண்டது இலை வண்ண அட்டை. சின்ன பிளாஸ்டிக் அட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலையில் எட்டிலிருந்து பத்துக்குள், வெயில் அட்டையில் படாமல் நம் உடம்பு நிழலில் வைத்து, பத்துக் குத்தில் மேலே முழுதாக விரிந்த இலையைப் பார்க்கணும். பத்தில் ஆறு இலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால்தான் யூரியா. அந்த அளவு பொன்னி ரகத்துக்கு 3-ஆம் பட்டை, மற்ற பெரும்பாலான ரகத்துக்கு 4. ஒரு போகத்தில் நான் வழக்கமாகப் போடும் யூரியாவில் கிட்டத்தட்ட ஒரு மூட்டை தேவைப்படவே இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, பெரிய காசு இல்லை என்று தோன்றும். ஆனால் பயிர் கரும்பச்சையாக மினுக்கினால் இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் முதலில் அங்கேதான் வரும், அந்த மருந்துச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மொத்த முறையில் வீடர் வாங்கக் காசு இல்லாதவர்கள் கூட நாளைக்கே ஆரம்பிக்கக் கூடியது இந்த அட்டைதான்.

விளைச்சல்? எங்கள் வயலில் குறுவைக்கு ஏக்கருக்கு 32, 33 மூட்டை வந்துகொண்டிருந்தது, 60 கிலோ மூட்டை. ஒற்றை நாற்றில் முதல் வருடம் அதேதான் வந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து 37, 38. பீகாரில் நாலந்தா மாவட்டம் தர்வேஷ்புராவில் 2011-ல் இதே முறையில் ஹெக்டேருக்கு 22.4 டன் என்று ஒரு கணக்கு வந்ததே, அதை வைத்துக் கனவு காண வேண்டாம். சீனாவின் கலப்பின நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கே அதை நம்பவில்லை. இப்படிப்பட்ட ராட்சச எண்களால் இந்த முறைக்குக் கெட்ட பெயர்தான் வந்தது, விஞ்ஞானிகள் ஒரு பக்கம் சண்டை, விவசாயி ஒரு பக்கம் ஏமாற்றம். நாலைந்து மூட்டை கூடுதல், விதையும் தண்ணீரும் உரமும் குறைவு. என்னைப் பொறுத்தவரை அதுவே போதும்.

இனி இது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். சம்பாவில் சறுக்குகிறது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வயலில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பதெல்லாம் நடக்காத காரியம். வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை, வடியாது. 14 நாள் நாற்று நாலு விரல் உயரம், இரண்டு நாள் முழுகினால் அழுகிவிடும். முதல் சம்பாவில் முக்கால்வாசியை மறுநடவு செய்தேன். இரண்டாவது தடவை 20 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு என்று மாற்றிக்கொண்டேன், தப்பித்தது. மழை நாளில் வீடர் திண்ணையில்தான் கிடந்தது. மட்டம் சரியில்லாத வயலுக்கும் இதே கதிதான், மேட்டில் களை, பள்ளத்தில் அழுகல். சேறு கலக்குவதற்கு முன், வயல் காய்ந்திருக்கும்போதே, லேசர் வைத்து மட்டமாக்கும் லேசர் லெவலருக்குச் செலவு செய்யாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆனால் எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. ஆள்.

கைக்களை எங்கள் பக்கம் பெண்கள் வேலை. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து எடுத்துக்கொண்டு போவார்கள், இரண்டு தடவை. வீடர் வந்ததும் ஏக்கருக்கு இரண்டு ஆள், அதுவும் ஆண்கள், ஏனென்றால் தள்ளக் கனம். ஒருவர் ஒரு நாளில் அரை ஏக்கரைத் தொடுவதே பெரிது. குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் இரட்டிப்பு நாள், அப்படி நாலு தடவை. எனக்குச் செலவு குறைந்தது உண்மைதான். எங்கள் வயலுக்கு வருடாவருடம் ஆள் கூட்டி வரும் அக்கா ஒருவர் இருக்கிறார், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முதல் வருடம் அவர் வீடரைக் கையில் வாங்கி நாலு வரிசை தள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதத் தள்ளுனா இடுப்புக் குனிய வேணாம், அது நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்குக் கை தூக்க முடியாது. எங்க நாலு நாள் கூலிய யாரு குடுப்பா?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அதிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மண், தண்ணீர், மீத்தேன், உரம் என்று எல்லாவற்றையும் அளந்து இது நீடிக்கும் விவசாயம் என்று சர்டிபிகேட் கொடுக்கிறார்கள், யாருடைய தோள் எத்தனை போகம் தாங்கும் என்று அளக்கிறவர்கள் குறைவு. மடகாஸ்கரிலேயே, இந்த முறை பிறந்த இடத்திலேயே, கற்றுக்கொண்ட பலர் பிறகு விட்டுவிட்டார்கள். காரணம் விளைச்சல் குறைந்தது இல்லை. நடவு, களை எடுக்கிற அந்த நாட்களில்தான் ஏழை வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும், சொந்த வயலில் கூடுதல் வேலை பார்ப்பதை விட அன்றாடக் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மன்னார்குடியிலும் அதே கதை வேறு மாதிரி நடக்கிறது. உள்ளூரில் நடவுக்கு ஆள் இல்லை, மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள் ஏக்கர் கணக்கில் பேசி வேகமாக நட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் கயிறு பிடித்து ஒவ்வொரு நாற்றாக வை என்றால் கூலியைக் கூட்டிக் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான்.

நான் செய்தது என்னவென்றால், போன இரண்டு குறுவைக்கு வெல்டரிடம் சொல்லிக் கைப்பிடியை உயரம் மாற்றிக்கொள்ளும்படி மூன்று துளை போட்டேன், முன் தகட்டை மெல்லிய தகடாக மாற்றினேன். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தது. இப்போது அக்காவும் அவர் கூட இரண்டு பேரும் தள்ளுகிறார்கள், காலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும், முழு நாள் கூலி, அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றி. முதல் தடவையை மட்டும் வீடரில் இரண்டு பக்கமும், பிறகு இரண்டு தடவை ஒரு பக்கம், குத்தை ஒட்டிய களையைக் கையால். இப்படிச் செய்ததில் எனக்கு மிச்சம் ஆவது முன்பு ஆண்களை வைத்து ஓட்டியதை விடக் குறைவு, விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை.

நடவு இயந்திரத்தில் நடுகிறவர்கள் கேட்பதற்கு ஒரு வரி: 30 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில் ஒரு பக்கம் தாராளமாக ஓடும், குறுக்கே ஓடாது, அந்தப் பக்கத்துக்குக் கைக்களை இருக்கும்.

பவர் வீடரும் பார்த்தேன், பெட்ரோலில் ஓடுவது. வேகம் இருக்கிறது. எங்கள் களிமண்ணில் அதன் எடைக்குப் புதைகிறது, தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும், சத்தத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. மணல் கலந்த வண்டல் வயலுக்கு ஒத்துவரலாம்.

தன் போரோ, முறை வைத்து நிச்சயமாகத் தண்ணீர் வரும் வாய்க்காலோ இருந்து, வயல் மட்டமாகவும் பயிர் இரண்டு ஏக்கருக்குள்ளும் இருந்தால் வாங்குங்கள், ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். வடியாத வயலுக்கு வாங்காதீர்கள். கடையில் நிற்கும்போது வீட்டில் யார் தள்ளப் போகிறார்களோ அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், கைப்பிடி அவர்கள் இடுப்புக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ் வரணும். போகம் முடிந்ததும் கழுவி, உருளை அச்சில் கிரீஸ் வைத்து, தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். மேட்டூரைத் திறந்தால் அடுத்த நடவு இந்த ஆனியில், அக்கா இப்போதே இரண்டாவது வீடர் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார், அதையும் அதே மெல்லிய தகட்டில்.